பாறை இடுக்கில் மாட்டியது

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், முழங்கால் தெரியும் கால்சட்டையும் முதுகில் ஒரு மூட்டையுமாக ஒரு வயசுப்பெண் ஊருக்குள் நுழைந்து, "மோட்டார் மெக்கானிக் குரு வீடு எதுங்க?" என்று கேட்டால் ஒரு தெரு என்ன செய்யும்? கிணத்துக்கொட்டாய் என்ன செய்யுமோ அதைச் செய்தது. குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது, மூடுவாரில்லை. பல் விளக்கிக்கொண்டிருந்த நஞ்சப்பன் வாயில் நுரையோடு அப்படியே நின்றார். சின்னம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மூன்று வீடு தள்ளியிருக்கும் வாசலைக் கையால் காட்டினாலே போதும். ஆனால் அவள், "வா கண்ணு, நான் கூட்டிப்போறேன்" என்று முன்னால் நடந்தாள்.

தெருவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. குரு செத்து ஆறேழு மாதம் ஆகிறது. கடத்தூர் ரோட்டு வளைவில் கரும்பு லாரி அடித்து, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. செத்த மனுசனைத் தேடி ஒரு பெண் வருகிறாள் என்றால், அதிலும் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் என்றால், அவள் யாரென்று தெருவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொம்மிடிக்காரி. ஒரு வருடமாகத் தெரு வாயில் போட்டு மென்ற பெயர் அது. பெயர்தான் இருந்தது, முகம் இல்லை. இன்றைக்கு முகமும் வந்து சேர்ந்தது.

சுகுணா வாசலில் துணிக்கல் முன்னால் உட்கார்ந்து ஐஸ்வர்யாவின் பள்ளிக்கூடச் சட்டைக் காலரைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னம்மாளின் கொலுசுச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவள், பின்னால் வந்த பெண்ணைப் பார்த்தாள். 'வந்துட்டா' என்று மனசு சொன்னது. அடுத்த நொடி அவளுக்குத் தோன்றியது ஒரு கிறுக்குத்தனமான எண்ணம்: இவ்வளவு சின்னப் பொண்ணா? இவள் பவுடர் பூசியிருப்பதாகவே தெரியவில்லையே?

அந்தப் பவுடர் கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

ஊருக்கு மேற்கே மாந்தோப்பெல்லாம் தாண்டி மொட்டைக்கரடு இருக்கிறது. புல்லும் முளைக்காத ஒரே பாறை. ஆடு மேய்க்கிறவர்கள்கூட நிழலுக்கு அந்தப் பக்கம் ஒதுங்குவதில்லை. அதில் ஏறுவதற்கென்று பெங்களூரிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தபோது ஊரே சிரித்தது. "மேலே கோயில்கூட இல்லையே, எதுக்கு ஏறறாங்க?" என்று நஞ்சப்பன் கேட்ட கேள்விக்கு இன்று வரைக்கும் பதில் கிடைக்கவில்லை. குருவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கரட்டடியில் ஒரு கிணற்று மோட்டாரைக் கழற்றப் போனவன், வேலை முடிந்தும் வரப்பில் உட்கார்ந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தான். கயிற்றில் தொங்குவது அவனுக்குப் புதிதில்லை. பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து கிணற்றுக்குள் இறங்கி ஏறின உடம்பு. அடுத்த வாரம் அவனும் ஏறினான். அதற்கடுத்த மாதம் காசு சேர்த்து ஏறுகிற சாமான்களை ஒவ்வொரு உருப்படியாக வாங்கினான். அந்த வருட மார்கழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டான்.

மாவுக்கட்டோடு படுத்திருந்த மனுசனுக்குச் சுகுணா பணிவிடை செய்தாள், திட்டிக்கொண்டே செய்தாள். கட்டுப் பிரித்த அன்று நேரே மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். கல்லின் மேல் சூடம் ஏற்றி வைத்தாள். ஐஸ்வர்யாவை இழுத்து முன்னால் நிறுத்தினாள். "இவ தலைமேல கை வெச்சு அடிங்க. இனிமே அந்தப் பாறைக்குப் போகமாட்டேன்னு." குரு ஒரு கையை மகளின் தலைமேல் வைத்து, மறு கையால் எரிகிற சூடத்தை அடித்து அணைத்தான். "மொட்டக்கரட்டுப் பாறையத் தொடமாட்டேன். தொட்டா எம்புள்ள..." என்று ஆரம்பித்தவனுக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை. பூசாரி, "போதும் போதும், அம்மாவுக்குக் கேட்டுடுச்சு" என்றார். அம்மாவுக்கு மட்டுமா? தெரு முழுக்க அங்கேதான் நின்றது. மற்றதையெல்லாம் மறந்தாலும் மறக்கும், அடுத்தவன் அடித்த சூடத்தைத் தெரு மறக்காது.

நாலைந்து மாதம் நல்லபடியாகப் போயிற்று. பிறகு ஞாயிற்றுக்கிழமையானால், "பொம்மிடில ஒரு மோட்டார் எறக்கணும்" என்று குரு வண்டியை எடுக்க ஆரம்பித்தான். முதலில் கண்டுபிடித்தது சின்னம்மாள்தான். அவள் தம்பி பொம்மிடி ஸ்டேஷன் எதிரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். "எந்தம்பி ஒருநாளு கூட குருவ அந்தப் பக்கம் பாத்ததில்லையாமே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மீதியைத் தெரு பூர்த்தி செய்தது.

அப்புறம் அந்த வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரும்போது சட்டை முதுகில், பேண்ட் பாக்கெட்டில், காதோரத்தில் வெள்ளையாக ஒரு பொடி ஒட்டியிருக்கும். மோட்டார் வேலைக்குப் போனவன் மேல் கிரீஸ் இருக்க வேண்டும். பவுடர் எப்படி வரும்? சுகுணா துவைக்கப் போடும்போது அந்தச் சட்டையை மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். வாசமே இல்லை. வாசமில்லாத பவுடர் என்றால் விலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். தம்பி கல்யாணத்துக்காகக் கடத்தூர் சந்தையில் வாங்கிய மெரூன் கலர் நெயில் பாலிஷ் பாட்டில் அலமாரியிலிருந்து காணாமல் போனபோது, அதையும் பொம்மிடி கணக்கில் எழுதிக்கொண்டாள்.

கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது ஒரு வழி பிறந்திருக்கும். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், தட்டு வைக்கும் சத்தம்தான் பேச்சு. சொல்ல வேண்டியதை மகள் வழியாகச் சொல்வாள். "உங்கப்பாகிட்ட கேஸ் தீந்துடுச்சுன்னு சொல்லு." அப்பா இரண்டடி தள்ளி நிற்பார். ஐஸ்வர்யா திரும்பி, "அப்பா, கேஸ் தீந்துடுச்சாம்" என்பாள். "நாளைக்கு வந்துடும்னு சொல்லு" என்பான் குரு. "நாளைக்கு வந்துடுமாம்மா." அஞ்சாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு அந்த வருடம் இதுதான் வேலை.

இப்படி இருக்கும்போதே ஆவணி பிறந்தது, லாரி வந்தது. சாவு வீட்டில் சுகுணா சரியாக அழவில்லை என்று தெரு குறித்துக்கொண்டது. "ஒரு சொட்டு வந்துச்சா பாரு" என்றார்கள். "எப்படி வரும்? வயிறு எரிஞ்சு கெடக்குதே" என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள்.

"அக்கா, நான் ஜாஸ்மின். ஓசூருங்க. பெங்களூர்ல வேலை" என்றாள் வந்தவள். முதுகு மூட்டையைக் கழற்றித் தரையில் வைத்தாள். "உங்ககிட்ட ஒண்ணு குடுக்கணும்னு வந்தேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்."

"கேளு கண்ணு, கேளு" என்றாள் சின்னம்மாள், தன்னைத்தான் கேட்டது போல.

ஜாஸ்மின் மூட்டைக்குள் கை விட்டு ஒன்றை எடுத்தாள். உள்ளங்கையளவு இரும்பு. ஒரு முனையில் பல் வைத்த நாலு அரைச்சக்கரம், நடுவில் கம்பி, மறு முனையில் சிரிஞ்சுக்கு இருப்பது மாதிரி விரல் வைத்து இழுக்கும் பிடி. பிடியின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னாது, மோட்டார் பார்ட்ஸா?" என்றார் நஞ்சப்பன், நுரையைத் துப்பிவிட்டு.

"பாறை ஏறும்போது வெடிப்புல வெக்கறதுங்க. பிடிய இழுத்தா சுருங்கும், விட்டா விரிஞ்சு கவ்விக்கும். இதுலதான் கயிறு மாட்டுவோம். விழுந்தா இதுதான் ஆளப் பிடிக்கும்" என்று இழுத்துக் காட்டினாள். சக்கரங்கள் கிச்சென்று சுருங்கி விரிந்தன. "எங்களுக்குள்ள ஒரு வழக்கம் இருக்குங்க. பாறைக்குக் கீழ ஒரு பொருள் கெடந்தா அது மறந்துட்டுப் போனது, சொந்தக்காரருக்குத்தான். வெடிப்புல மாட்டிக்கிட்டு எடுக்க முடியாம விட்டுட்டுப் போனா, யாரு பாடுபட்டு எடுக்கறாங்களோ அவங்களுக்கு. ஆனா எடுத்தவங்க முதல்ல எல்லார்கிட்டயும் கேக்கணும். யாருதுன்னு தெரிஞ்சா நேர்ல போய், கையில குடுக்கணும். வாசல்ல வெச்சுட்டு வரக்கூடாது."

"அட, நம்மூருல காணாமப் போன கோழிக்குக்கூட இந்த மரியாதை கெடையாது" என்றாள் சின்னம்மாள்.

"வாங்கிக்கறவங்க அடையாளம் சொல்லணும். அதுவும் வழக்கம். எல்லாரும் அவங்கவங்க பொருள்ல கலர் டேப்போ, பெயிண்ட்டோ வெச்சிருப்பாங்க. சார் என்ன வெச்சிருந்தாருன்னு சொல்லுங்கக்கா."

சுகுணாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இவள் என்ன, பொம்மிடிக்காரி இல்லையா? "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதும்மா" என்றாள்.

ஜாஸ்மின் கொஞ்சம் யோசித்தாள். வழக்கத்தை மீறுகிறோமே என்ற தயக்கம் முகத்தில் தெரிந்தது. பிறகு கட்டைவிரலை எடுத்தாள்.

மெரூன். பிடியின் பக்கவாட்டில், குழந்தை நகத்துக்குப் பூசுவது போலப் பதமாக, இரண்டு கோடு.

தம்பி கல்யாணத்துக்கு வாங்கிய பாட்டில். ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வருவதற்குள், ஒரு வருடத்துப் பொம்மிடி அப்படியே இடிந்து விழுந்தது. சுகுணா சோப்பு நுரைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். நீட்டிய கை பாதி வழியில் நின்றது. ஏனென்றால் அந்த நேரம் பார்த்து ஜாஸ்மின், வெள்ளந்தியாக, ஒரு வாக்கியம் சொன்னாள்.

"இது போன ஆடி கடைசி ஞாயித்துக்கிழமை மாட்டுனதாம். அப்புறம் அவரு வரவேயில்லைன்னு எங்ககூட ஏறற முருகேஷ் சொன்னாரு."

"போன ஆடியா?" என்றாள் சின்னம்மாள். கணக்கில் அவள் புலி. "சூடம் அடிச்சது அதுக்கு மொத வருசம் மாசில்லடி? அப்போ சூடம் அடிச்சதுக்கு அப்புறமா..." மீதியை அவள் சொல்லவில்லை. கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நஞ்சப்பன் கோயில் இருந்த திசையைப் பார்த்தார்.

சுகுணா திரும்பிப் பார்த்தாள். கதவோரத்தில் ஐஸ்வர்யா, வாரின தலை பாதியும் வாராத தலை பாதியுமாக நின்றிருந்தாள்.

ஆமாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று சுகுணாவுக்குத் தெரியும். பொம்பளைப் பொறுக்கி என்ற பெயர் போகும். சூடத்தை மீறினவன் என்ற பெயர் வரும். 'லாரியா அடிச்சுது? மாரி அடிச்சா' என்பார்கள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், குழாயடியில் யாராவது ஒருத்தி பிள்ளையின் தலையைத் தடவி, 'இந்தத் தலைமேலதானே கை வெச்சான் உங்கப்பன்' என்பாள். இல்லை என்று சொன்னால் பொம்மிடி அப்படியே இருக்கும். அது பழகிப்போனது. அதோடு வாழத் தெரியும்.

"இது அவரோடது இல்லைம்மா" என்றாள்.

"இல்லைக்கா, முருகேஷ் நல்லாப் பாத்துத்தான்..."

"நெயில் பாலிஷு ஊருல எல்லாரும்தான் வெச்சிருக்காங்க. எங்க வூட்டுக்காரரு சூடம் அடிச்சதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல. நீ எடுத்துக்கிட்டுப் போ."

ஜாஸ்மின் அவள் முகத்தையே பார்த்தாள். சொந்தக்காரர் இல்லை என்று சொன்ன பிறகு வற்புறுத்துவதும் அவர்கள் வழக்கத்தில் இல்லை போலிருக்கிறது. "சரிங்கக்கா. சாயங்காலம் வரைக்கும் பாறைகிட்டதான் இருப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

அவள் தெருமுனை திரும்பவில்லை, சின்னம்மாள் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். "பாத்தீங்களா? இரும்பாம், வெடிப்பாம், வழக்கமாம்! துக்கம் கேக்க வந்தவ கையில ஒரு சாக்கு வேணும்ல? இவதான் அவ. பொம்மிடின்னு சொல்லிட்டு ஓசூருக்குப் போயிருக்கான், அவ்வளவுதான்." எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். நஞ்சப்பன் மட்டும், "பொண்ணு பாக்க நல்ல மாதிரிதான் தெரியுது" என்று சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டார்.

சுகுணா மீண்டும் காலரைத் தேய்த்தாள். அழுக்கு எப்போதோ போயிருந்தது. தேய்த்துக்கொண்டேயிருந்தாள். ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கலாமென்று வெயிலில் நடந்து வந்த பெண்ணைத் தெரு இப்படிப் பேசுகிறது, அதைக் கேட்டுக்கொண்டு தான் சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்பது முதலில் உறுத்தியது. அதற்குக் கீழே வேறொன்று உறுத்தியது. அதைத் தொட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. மதியச் சோறு இறங்கவில்லை. "பிளவுஸ் தைக்கக் குடுத்துட்டு வந்துடறேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, ஒரு துணிப்பையையும் பேருக்கு எடுத்துக்கொண்டு, மேற்கே நடந்தாள்.

மாந்தோப்பு பூத்துக் கிடந்தது. கல்யாணமாகி வந்த நாளாக மொட்டைக்கரட்டை அவள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாளே தவிர, கிட்டே போனதில்லை. பாறையடியில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவன் மேலே பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தான், கீழே ஒருத்தி கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய இரண்டு கையும் மணிக்கட்டு வரை வெள்ளையாக இருந்தது. இடுப்பில் கட்டியிருந்த சின்னப் பைக்குள் கையை விட்டு எடுக்கும்போதெல்லாம் வெள்ளைப் பொடி காற்றில் பறந்து, பின்னால் முதுகில் படிந்தது.

சுகுணா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வேலமரக் கிளையில் ஒற்றைச் செருப்பு, தண்ணீர் பாட்டில், இரண்டு மூன்று கொக்கி, ஒரு தொப்பி தொங்கின. கீழே கிடந்ததை எடுத்தவர்கள் மாட்டி வைப்பார்களாம், தொலைத்தவர்கள் வந்தால் எடுத்துக்கொள்வார்களாம். நடுவில் மெரூன் கோடு போட்டதும் தொங்கியது.

"நீதானே எடுத்த? உனக்குத்தானே சேரணும்?" என்றாள் சுகுணா, ஓடி வந்த ஜாஸ்மினிடம்.

"ரெண்டு ஞாயித்துக்கிழமை மல்லாடித்தான் எடுத்தேன். ஆனா நீங்க வாயாலதான் இல்லைன்னு சொன்னீங்க. அதான் எடுத்துக்க மனசு வரலைங்கக்கா."

"அங்க சொல்ல முடியாதும்மா. சொன்னா..." என்று ஆரம்பித்துச் சூடத்தைச் சொன்னாள், பொம்மிடியைச் சொன்னாள், தெரு இப்போது ஜாஸ்மினைத்தான் அந்தப் பொம்மிடிக்காரி என்கிறது என்பதையும் சொன்னாள். ஜாஸ்மினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானாக்கா? நான் அவர நேர்ல பாத்ததேயில்ல!" என்றவள், சுகுணாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பிறகு, "முருகேஷ்!" என்று மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

பல்லி கீழே இறங்கியது. சித்தேரி மலைக்காரன். முப்பது வயது இருக்கும். இடுப்பில் கட்டியிருந்ததை அவிழ்க்காமலே வந்து, சுகுணாவைக் கண்டதும் கைகட்டி நின்றான். ஒரு வருடத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகளில் குருவின் கயிற்றைப் பிடித்தவன் இவன்தானாம்.

"உன்ன ஒரு நாளும் பாத்ததில்லையே" என்றாள் சுகுணா.

"எழவுக்கு வந்தேங்க்கா. உங்க தெருமுனை வரைக்கும் வந்தேன். உள்ள வந்தா யாரு எவருன்னு கேப்பாங்க, சூடம் வெளிய வந்துடும்னு அங்கயே நின்னு கும்புட்டுட்டுப் போயிட்டேன். அண்ணன் சத்தியம் வாங்கியிருந்தாருங்க, யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு. ஜாஸ்மின் கேட்டப்பவும் யாரோடதுன்னு மட்டும்தான் சொன்னேன், சூடத்தச் சொல்லல."

"இவரு அடிச்சது பத்தாதுன்னு உங்கிட்ட வேற வாங்கினாரா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வேற யாரையாச்சும்... பொம்பள யாராச்சும்..."

முருகேஷுக்குக் கேள்வி புரியச் சற்று நேரம் பிடித்தது. "அட போங்க்கா! வாயத் தொறந்தா மோட்டாரு. இல்லாட்டி புள்ள ஐசு. அதுவும் இல்லாட்டி நீங்க. 'எங்கூட்டுக்காரி பேசமாட்டேங்கறாடா'ம்பாரு. 'ஊரு என்னமோ பொம்மிடில ஒருத்தின்னு சொல்லுதாம், அவளும் நம்பிட்டா'ம்பாரு. 'இல்லைன்னு சொல்லித் தொலைங்களேண்ணா'ம்பேன். 'சொல்லலாம்டா. இல்லைன்னா அப்புறம் எங்க போறன்னு கேப்பால்ல? பொம்பள சமாச்சாரம்னா ரெண்டு மாசம் மூஞ்சத் திருப்பிட்டு சோறு போட்டுடுவா. சூடம்னா, புள்ள தும்முனாக்கூட இவ நெஞ்சு நின்னுடும். ராத்திரியெல்லாம் நெத்தியத் தொட்டுப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பா. அந்தப் பயம் அவளுக்கு வாணாம்'ம்பாரு."

"அந்தப் பயம் அவருக்கு இல்லியாமா?"

"எப்பிடிங்க இல்லாம இருக்கும்? ஏறதுக்கு முன்னாடி ஊர் பக்கம் திரும்பிக் கும்பிடுவாரு. 'என்ன அடி தாயே, புள்ளைய வுட்டுடு'ம்பாரு, சத்தமாவே. நாங்க சிரிப்போம்."

ஜாஸ்மின் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கடைசியா வந்தன்னைக்கு இது மாட்டிக்கிச்சுங்க" என்று முருகேஷ் மேலே காட்டினான். பாறையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு ஓடியது. "இழுத்து இழுத்துப் பாத்தாரு. ஆழமாப் போயிடுச்சு. 'வுடுங்கண்ணா, அடுத்த வாரம் எடுத்துக்கலாம்'னேன். வாங்குன காசுக்கு அவரு சாதாரணமா வுடற ஆளில்லைங்க. அன்னைக்கு, 'சரி கெடக்கட்டும், நேரமாச்சு, இன்னைக்கு வூட்ல சொல்லிடப்போறேன்'னாரு. பூசாரிகிட்ட முன்னாடியே கேட்டு வெச்சிருந்தாராம். சூடம் அடிச்சவரும் அடிக்கச் சொன்னவங்களும் சேந்து நின்னு பொங்க வெச்சு, 'வுட்டுட்டேன் தாயே'ன்னு அவங்க வாயால சொன்னாங்கன்னா சத்தியம் எறங்கிடுமாமே. 'அவ வந்து நின்னாப் போதும்டா'ன்னு சொல்லிக்கிட்டே வண்டிய எடுத்தாருங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுகுணாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லும்படி ஒன்றும் நடக்கவும் இல்லை. சட்னிக்குத் தேங்காயை மிக்சியில் போட்டுக்கொண்டிருந்தாள். குரு வந்து சமையற்கட்டு நிலைப்படியில் நின்றான். மகளைக் கூப்பிடவில்லை. நேரே அவளையே பார்த்து, "சுகுணா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். எத்தனையோ மாதம் கழித்து அவன் வாயிலிருந்து வந்த தன் பெயர். சொல்லப்போகிறான், அந்தப் பொம்மிடிக்காரி பெயரைச் சொல்லப்போகிறான், காதில் விழுந்துவிட்டால் அது உண்மையாகிவிடும். மிக்சியைப் போட்டாள். அரைந்த சட்னியை மறுபடி அரைத்தாள். அவன் நின்றான். அவள் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் நிலைப்படி காலியாக இருந்தது. திங்களும் செவ்வாயும் அவன் மறுபடி கேட்கவில்லை. புதன்கிழமை போய்விட்டான்.

"அக்கா, தண்ணி குடிங்க" என்றாள் ஜாஸ்மின். பாட்டில் சுகுணாவின் கையில் இருந்தது. குடிக்கவில்லை.

"அத எடு" என்றாள், மரத்தைக் காட்டி.

ஜாஸ்மின் கழற்றி எடுத்து வந்தாள். கொடுக்கவில்லை, பிடியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தாலும் வழக்கத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. ஒருவேளை அது சுகுணாவுக்குத் தரப்பட வேண்டிய மரியாதை என்று நினைத்தாளோ என்னமோ.

"மெரூன் நெயில் பாலிஷு" என்றாள் சுகுணா. "ரெண்டு கோடு. கடத்தூரு சந்தையில வாங்குனது. எங்க வூட்டுக்காரரோடது."

"உங்களோடதுதாங்க" என்று ஜாஸ்மின் அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

அப்போதுதான் சுகுணா அழுதாள். சாவு வீட்டில் வராதது, பதினாறாம் நாள் காரியத்தில் வராதது, எல்லாம் சேர்ந்து அந்த மொட்டைப் பாறையடியில் வந்தது. முருகேஷ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பெங்களூர்ப் பிள்ளைகள் கயிற்றைச் சுற்றுவது போலப் பாவனை செய்தார்கள்.

திரும்பி நடக்கும்போது துணிப்பைக்குள் அதைப் போட்டாள். மாந்தோப்பு முடிகிற இடத்தில் வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். இந்த மனுசன் தன் பயத்தை ஒருத்தனாகச் சுமந்துகொண்டு, செய்யாத தப்புக்குப் பெயரும் சுமந்துகொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். மீறினது மீறினதுதான், அதை அவள் இல்லையென்று சொல்லப்போவதில்லை. ஆனால் பொம்மிடி இனி ஒரு நாளும் அவன் பெயரோடு சேரக்கூடாது. பிள்ளைக்கு என்ன சொல்வதென்று வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்தாள். 'சாமி புள்ளைங்களத் தண்டிக்காது கண்ணு. உங்கப்பா உன்ன வுட்டுடச் சொல்லி வேண்டிக்கிட்டுத்தான் ஏறுனாராம். அது ஒரு ஆசை. குடிகாரனுக்குக் குடி மாதிரி, அவருக்குப் பாறை. உம்மேல இருந்த ஆசை அதவிடக் கம்மியில்ல.' இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது முறை குரல் உடையவில்லை.

தெரு வாசலில் இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் வேறெங்கே இருக்கும்?

"என்னா சுகுணா, பிளவுஸ் குடுக்கப் போனியே, கையில என்னாடி?" என்றாள் சின்னம்மாள்.

"அவரோடது" என்றாள் சுகுணா. சத்தமாகத்தான் சொன்னாள். நஞ்சப்பன் வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு. "எங்க வூட்டுக்காரரோடது. காலைல நான் பொய் சொன்னேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பாறைக்குத்தான் போனாரு. சட்டையில இருந்தது கைக்குப் பூசற பொடி. பொம்மிடியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு அவர கண்ணால பாத்ததுகூட இல்ல. இனிமே எவ வாயிலயாவது பொம்மிடி வந்துச்சு..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. தெரு பொம்மிடியை அந்த நொடியே கீழே போட்டுவிட்டது. கையில் அதைவிடப் பெரிதாக ஒன்று கிடைத்திருந்தது. "அப்போ சூடத்த மீறித்தான்..." என்றாள் ஒருத்தி. "நான் அன்னைக்கே நெனச்சேன். அத்தன அகல ரோட்டுல லாரி எப்பிடி சரியா இவம்மேலயே வரும்?" என்றாள் சின்னம்மாள். ஒரு வருடமாகக் குருவைப் பொம்மிடிக்கு அனுப்பிவைத்த அதே வாய், நோகாமல் அவனை மாரியம்மன் கையில் பிடித்துக் கொடுத்தது. "பெத்த புள்ள தலைமேல அடிச்சுட்டு எப்பிடித்தான் மனசு வந்துச்சோ!"

ஐஸ்வர்யா வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. சுகுணா அவளிடம் போனாள், குனிந்தாள். கோத்து வைத்த வார்த்தைகளில் முதலாவதை எடுத்தாள். "கண்ணு, சாமி புள்ளைங்கள..."

பிள்ளை அதைக் கேட்கவில்லை. சூடத்தைப் பற்றியும் கேட்கவில்லை. அம்மாவின் கையிலிருந்த இரும்பைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாத்தியார் போட்ட கணக்கில் தப்பு கண்டுபிடித்த பிள்ளை மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு,

"அப்பா ஒண்ணுமே பண்ணலைன்னா, அப்புறம் ஏம்மா நீ அப்பாகிட்ட பேசவே இல்ல?" என்றாள்.

சின்னம்மாள், அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு எழுந்தாள். நஞ்சப்பன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மற்றவர்களுக்கும் ஏதேதோ வேலை ஞாபகம் வந்தது. தெரு மெல்ல மெல்லக் காலியாயிற்று. ஒரு கதவு சாத்தும் சத்தம், இன்னொரு கதவு. சுகுணா குனிந்தபடியே இருந்தாள். அந்தப் பிடியை இழுத்தாள், விட்டாள். இழுத்தாள், விட்டாள். பிள்ளை பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.